சாக்கின் மேல் ஒரு திராட்சைக் கொத்து

ஜனவரி 22, வியாழக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பினேன். மாடியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஒரு செம்பு தண்ணீர். காபி. பழனிசெட்டிபட்டி மெயின் ரோட்டில் பால் பூத் வரை நடந்து திரும்பினேன். பனி கொஞ்சம் அதிகம், மப்ளர் போட்டிருந்தேன். குளியல், இரண்டு இட்லி, முந்தின நாள் டைரியில் விட்டுப்போன ஒரு வரி. அப்புறம் ஆபீஸைத் திறந்தேன்.

ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு பேக்கரிக்கு மேலே ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டேபிள் ஃபேன். கம்பம் பள்ளத்தாக்கு வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. வாரம் ஒருமுறை இந்தப் பக்கத்தில் உங்களிடம் புலம்புவது என் வடிகால்.

இந்த வாரம் வடிகால் போதாது. மடையையே திறக்க வேண்டியிருக்கிறது.

பதினோரு மணி வாக்கில் பாக்கியம் மதினி போன் செய்தார். என் அண்ணனின் மனைவி. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். அண்ணன் கூடலூரிலிருந்து குமுளிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார், அதனால் தோட்டத்தில் அவர் பங்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். குத்தகை பேசியது முதல் கவாத்து வெட்டியது வரை எல்லாம் மதினி.

"முருகேசண்ணன் மில்லுலருந்து தூள் வந்துருச்சுத்தா. வர்றியா?" என்றார்.

இந்த வார்த்தைக்காகத்தான் டிசம்பர் கடைசியிலிருந்து காத்திருந்தோம். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை. ஆபீஸைப் பூட்டிவிட்டு கம்பம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனதை உங்களிடம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தவறினால் எனக்குக் கோபம்கூடச் சரியாக வராது.

முதலில் தோட்டம்.

அது மதினியின் சொந்த நிலம் கிடையாது. கம்பத்தில் இருக்கும் ஒருவரிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. அவருக்குக் கொஞ்ச நாளாகவே வேறு யோசனை. ரோட்டடி நிலம், பந்தலைத் தாங்கும் கல்லுக்காலைப் பிடுங்கிவிட்டு மனை போட்டால் என்ன என்று. புரோக்கர் ஒருவர் டேப்போடு வந்து அளந்தே பார்த்துவிட்டுப் போயிருந்தார். கவாத்து சமயத்தில் நிலக்காரர் மதினியிடம் நேராகச் சொல்லிவிட்டார், இந்த ஒரு அறுப்பைப் பார்ப்பேன், நல்லா வந்தா நீ தொடர்ந்து பாரு, இல்லேன்னா பந்தலைப் பிரிச்சிடுவேன் என்று.

ஆக, மதினிக்கு இது சாதாரண வெள்ளாமை இல்லை. பரீட்சை.

கவாத்து நன்றாகத்தான் வெட்டினார்கள். தளிர் வந்தது, பூ வந்தது, பிஞ்சு பிடித்தது. பனி இறங்கியதும் வடக்குப் பக்கத்தில் சாம்பல் நோய் தலைகாட்டியது. திராட்சை போடாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிஞ்சின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு படியும். விரலால் தொட்டால் திருநீறு மாதிரி ஒட்டும். விட்டுவிட்டால் காய் வெடித்து விதை வெளியே தெரியும். அதற்குமேல் அது ஆட்டுக்குக்கூட ஆகாது.

இதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாரும் தூவுவது கந்தகத் தூள். வேறு மருந்துகள் கடையில் இருக்கின்றன. ஆனால் மதினியின் பழத்தை எடுப்பவர் கேரள வியாபாரி. அங்கே பழத்தைச் சோதனை செய்து ஒருமுறை லோடையே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதால் அவர் கறாராகச் சொல்லியிருந்தார். "சேச்சி, கந்தகம் மாத்ரம் மதி. வேற மருந்து அடிச்சா எனிக்கு வேண்டா."

சரி, கந்தகம் வாங்கித் தூவ வேண்டியதுதானே?

அங்கேதான் கதை. இந்த வருஷம் கந்தகத்துக்கு எங்கே பார்த்தாலும் கிராக்கி. கம்பம் கடைகளில் இல்லை. தேனியில் தெரிந்த கடைக்காரர் என் முகத்துக்காக ஒரு சின்னப் பை கொடுத்தார், ஒரு பந்திக்குக்கூட, அதாவது ஒரு வரிசைக் கொடிக்குக்கூட வராது. எல்லாரும் கூடலூர் முருகேசண்ணனைத்தான் நம்பியிருந்தார்கள்.

முருகேசண்ணன் கூடலூருக்கு வெளியே கந்தகம் அரைக்கிற மில் வைத்திருக்கிறார். முறையாக லைசென்ஸ் வாங்கி நடத்துகிற மில். என் கிளையன்ட் என்பதால் சொல்லவில்லை, அவருடைய காகிதங்கள் என் டைரியைவிடச் சுத்தமாக இருக்கும். வெளியிலிருந்து உருண்டைக் கந்தகம் வாங்கி, அரைத்து, சலித்து, தூளாக்கித் தோட்டக்காரர்களுக்குக் கொடுப்பார். இந்தமுறை உள்நாட்டில் சரக்கு கிடைக்காததால், வளைகுடாவிலிருந்து ஒரு கன்டெய்னர் வரவழைத்தார்.

அந்தக் கந்தகம் என்ன தெரியுமா? கச்சா எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது அதிலிருந்து பிரித்துத் தள்ளுகிற பொருள். அவர்களுக்கு அது பெட்ரோல் எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை. மஞ்சள் மலையாகக் குவித்து வைத்திருப்பார்களாம், யாராவது அள்ளிக்கொண்டு போனால் சரி என்று. பட்டாணி அளவில் உருட்டி, கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டாத சக்கை இங்கே வந்து அரைபட்டால் எங்கள் கொத்துக்கு உயிர்.

கன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

எந்தத் துறைமுகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் என்னையும் ஏதாவது ஓர் அத்தியாயத்தில் சேர்த்துவிடுவார்கள்.

அத்தியாயம் என்று சும்மா சொல்லவில்லை. உலகத்தில் கப்பல் ஏறுகிற ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்துறையிடம் ஓர் அத்தியாயம் இருக்கிறது. குதிரைக்கு ஒன்று, குடைக்கு ஒன்று. உப்பு, மண், கல், கந்தகம் எல்லாம் இருபத்தைந்தாம் அத்தியாயம். பூச்சிமருந்து, பூஞ்சைமருந்து இன்னும் சில ரசாயனக் கலவைகள் முப்பத்தெட்டாம் அத்தியாயம். எந்த அத்தியாயம் என்பதைப் பொறுத்து வரி. வரியாவது கட்டித் தொலைக்கலாம். முப்பத்தெட்டு என்றால் பூச்சிமருந்து இறக்குமதிக்கான தனிப் பதிவு கேட்பார்கள். அது முருகேசண்ணனிடம் இல்லை. அவருக்குத் தேவையும் இல்லை. அவர் கொண்டுவந்தது மூலப்பொருள். அரைத்து மருந்தாக்க அவருக்கு இங்கே லைசென்ஸ் இருக்கிறது.

பில்லில் இருபத்தைந்து என்று போட்டிருந்தார். சரியாகத்தான் போட்டிருந்தார். ஆனால் கன்டெய்னரைத் திறந்த அதிகாரி கந்தகத்தைப் பார்க்கவில்லை. சாக்கைப் பார்த்தார்.

சாக்கில் என்ன இருந்தது? ஒரு திராட்சைக் கொத்து.

இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது. கம்பம் பக்கம் வந்து பாருங்கள். ஆட்டோ முதுகில் திராட்சைக் கொத்து. கல்யாண பேனரில் மாப்பிள்ளை தலைக்கு மேலே திராட்சைக் கொத்து. திராட்சைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஒர்க்‌ஷாப் போர்டில்கூட ஒரு மூலையில் கொத்து தொங்கும். கொத்து இல்லாத பொருளை எங்கள் ஆட்கள் ஒரு சந்தேகத்தோடுதான் தொடுவார்கள். முருகேசண்ணன் சிக்கனக்காரர் வேறு. உருண்டை வருகிற சாக்கிலேயே அரைத்த தூளைக் கட்டி விற்கலாமே, இங்கே புதுச் சாக்கு எதற்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார். டிசைனை வாட்ஸ்அப்பில் வளைகுடாவுக்கு அனுப்பி, அங்கேயே பிரின்ட் போடச் சொல்லிவிட்டார். நல்ல கருநீலத்தில் ஒரு பெரிய கொத்து. அதற்குக் கீழே தமிழில், 'சாம்பல் நோய்க்கு'.

முடிந்தது. சாக்கே சொல்கிறது, இது நோய்க்கான மருந்து என்று. ஆக முப்பத்தெட்டு. அது மட்டுமா? மருந்தைக் கொண்டுவந்துவிட்டு மூலப்பொருள் என்று பொய்யாக அறிவித்ததாக ஒரு குற்றமும்.

விஷயத்தைச் சொல்ல ஆபீஸுக்கு வந்த முருகேசண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை. அந்தப் 'பொய்' என்ற வார்த்தை அவரைச் சுட்டுவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு ரிட்டர்ன் லேட்டாகப் போட்டதில்லை, என்னைப் போய்த் திருடன் லிஸ்ட்டில் வைக்கிறாக என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் சட்டத்தைத் திறந்து படித்தேன். கந்தகத்துக்கான தலைப்பில் தெளிவாக 'எல்லா வகையும்' என்று இருக்கிறது. விலக்கு என்று சொல்லியிருப்பது ஆவியாக்கிப் படிய வைத்தது மாதிரி இரண்டு மூன்று நைஸான ரகங்களை மட்டும். பட்டாணி உருண்டை அதில் வராது.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது. சட்டம் நம் பக்கம் இருந்தால் வரக்கூடிய அந்த ஆபத்தான தைரியம்.

நேரில் விளக்கம் சொல்ல ஒரு தேதி கொடுத்தார்கள். அதற்குள் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். நானும் முருகேசண்ணனும் விடியுமுன்னே கிளம்பிப் போனோம். அங்கே எங்கள் வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் வாசலிலேயே என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அக்கா, உள்ள நீங்க எதுவும் பேசாதீங்க" என்றார். அவர் என் பத்தியைப் படிப்பவராம்.

அதிகாரி நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மேஜையில் எங்கள் சாக்கு ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தது, கொத்து மேலே தெரிகிற மாதிரி.

லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது என்றார். மஞ்சள் நிற உருண்டைகள், தனிமக் கந்தகம் என்று அதில் இருந்தது. எனக்கு நிம்மதி. அப்புறம் என்ன சார், இருபத்தைந்துதானே என்றேன்.

"அது என்ன பொருள்னு லேப் சொல்லும் மேடம். எதுக்குன்னு சொல்லாது. எதுக்குன்னு இதோ, இது சொல்லுது." விரல் கொத்தின் மேல் இருந்தது.

இது சாக்கு சார், உள்ளே இருப்பதுதான் பொருள் என்றேன். சாக்கும் சேர்ந்ததுதான் பொருள் என்றார். நாளைக்கு இதே சாக்கில் அரிசி கொண்டுவந்தால் அதுவும் பூஞ்சைமருந்தா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அரிசின்னா அது வேற செக்‌ஷன் மேடம், பக்கத்து ரூம்."

முருகேசண்ணன் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென்று சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பிடி கந்தக உருண்டையை எடுத்து மேஜையில் போட்டார். உருண்டைகள் ஓடி கீபோர்டுக்குள் போயின. ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்களே சொல்லுங்க சார். இதை எந்த ஸ்பிரேயர்ல ஊத்துவீக? எறிஞ்சாக் கொத்துல ஒட்டாது. தோட்டத்துல வேலை பாக்குற பொம்பளையாளுக தலையிலதான் விழுகும். இதைப் போயி மருந்துங்கிறீகளே."

அதிகாரி ஓர் உருண்டையை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். மடித்த சாக்கின் மேல் வைத்தார். பிறகு அவர் சொன்னதை அன்று ராத்திரியே டைரியில் அப்படியே எழுதி வைத்தேன். இந்தப் பத்தியே அந்த வாக்கியத்துக்காகத்தான்.

"நீங்க சொல்றது சரிதான் மேடம். ஆனா நான் இதை இருபத்தஞ்சுல விட்டா, நாளைக்கு ஆடிட்ல இந்தச் சாக்கு போட்டோவை வச்சுக்கிட்டு என்னைக் கேள்வி கேப்பாங்க. முப்பத்தெட்டுன்னு போட்டா என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

சரிதான். ஆனா...

வாசகர்களே, எனக்கு லஞ்சம் கேட்கும் ஆளிடம் கோபம் வந்தால் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியும். கத்துகிற ஆளிடம் கத்தத் தெரியும். ஆனால் தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்து, நீங்கள் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் தப்பானதை எழுதுகிறவரிடம் என்ன செய்வது? ஒரு பொருள் எந்த அத்தியாயம் என்று தீர்மானிக்க அந்தப் பொருளைப் பார்ப்பார்கள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். யாரிடமிருந்து கேள்வி வரும் என்று பார்க்கிறார்கள். மதினியிடமிருந்து வராது. வடக்குப் பக்கத்துப் பிஞ்சு வெடித்துப் போனதற்கு எந்த ஆடிட்டிலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சரக்கை விட்டால்தான் பயம். நிறுத்தினால் ஒரு பயமும் இல்லை. இப்படி ஒரு நாற்காலியைச் செய்துவைத்துவிட்டு, அதில் நல்ல மனிதரை உட்காரவைத்தால் என்ன, கெட்ட மனிதரை உட்காரவைத்தால் என்ன?

அவரே ஒரு வழியும் சொன்னார், கொஞ்சம் தணிந்த குரலில். சரக்கைத் துறைமுகத்துக் கோடவுனிலேயே வைத்து, அனுமதி வாங்கி, அவர்கள் ஆள் முன்னிலையில் வெற்றுச் சாக்குக்கு மாற்றிவிடுங்கள். படம் இல்லாத சாக்கு. அப்புறம் இருபத்தைந்தில் விடுவதில் எனக்குச் சிரமம் இல்லை.

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். முருகேசண்ணன் முடியாது என்றார். சாக்கைக் கிழித்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். "நான் கேஸு போடுவேன் தங்கச்சி. கொத்தைப் போட்டது குத்தமா? நாளைக்கு ஊருக்குள்ள படமில்லாத சாக்கோட போனா, முருகேசன் சுடுகாட்டுச் சாம்பலை அரைச்சுக் கொண்டாந்துட்டான்பாய்ங்கெ."

நானும் அவர் பக்கம்தான். முப்பத்தெட்டு என்று எழுத்தில் ஆர்டர் வாங்குவோம், அப்பீலுக்குப் போவோம், நிச்சயம் ஜெயிப்போம் என்றேன். ஏஜென்ட் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.

அப்போதுதான் மதினி கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னேன். நாங்கள் விடப்போவதில்லை என்றும் சொன்னேன். என் குரலில் ஒரு மிதப்பு இருந்திருக்க வேண்டும்.

"ஜெயிச்சிருவியாத்தா?"

"கண்டிப்பா மதினி. அந்த ஆர்டர் அப்பீல்ல நிக்காது."

"எப்ப?"

மாசக்கணக்கில் ஆகலாம் என்றேன்.  போனில், தோட்டத்தில் யாரோ யாரையோ ஏலே என்று கூப்பிடுவது கேட்டது.

"நேத்துத் தெக்குப் பக்கத்துலயும் ரெண்டு கொத்துல பாத்தேன்" என்றார். "உன் ஜெயிப்பை வாங்கி நான் எங்கன தூவ?"

போனை முருகேசண்ணனிடம் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் "சரித்தா" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏஜென்ட்டைப் பார்த்து, "வெள்ளைச் சாக்கு எங்கனய்யா கிடைக்கும்?" என்று கேட்டார்.

சாக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது. அனுமதிதான் கிடைக்கவில்லை. மனு ஒரு மேஜையில், பார்வையிட வேண்டியவர் டூட்டி மாற்றத்தில், அதற்குள் பொங்கல் லீவு. மாட்டுக்கும் லீவு விட்ட ஊரில் பூஞ்சை மட்டும் லீவு எடுக்கவில்லை. மதினி தினமும் காலையில் ஒரு போட்டோ அனுப்புவார். தலைப்பு, விளக்கம் எதுவும் இருக்காது. வெறும் கொத்து. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் அதிகமாக வெளுத்த கொத்து. இங்கே பொங்கல் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே அது வந்து விழும்.

ஒருவழியாக மாற்றினார்கள். இந்தச் சாக்கிலிருந்து அந்தச் சாக்குக்கு. ஓர் உருண்டைகூட மாறவில்லை. அதே கந்தகம், அதே கோடவுன், அதே அதிகாரி. ஆனால் இப்போது இருபத்தைந்தாம் அத்தியாயம். பொய் அறிவிப்பு என்ற பேச்சையும் எடுக்கவில்லை. சாக்கோடு அதுவும் போய்விட்டது போல.

கடைசியாக ஒன்று. கொத்துப் போட்ட காலிச் சாக்குகளையாவது எடுத்துப் போகலாம், தூளைக் கட்டலாம் என்று முருகேசண்ணன் கேட்டிருக்கிறார். காலிச் சாக்கு என்றால் அது தனிச் சரக்கு, அதற்கு அறுபத்து மூன்றாம் அத்தியாயத்தில் தனியாக பில் போட வேண்டும் என்றார்களாம். அவர் அதை எனக்குப் போனில் சொல்லும்போது சிரித்தார். இத்தனை நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். நல்ல சிரிப்பு இல்லை அது. "அவுகளே வச்சுக்கிரட்டும் தங்கச்சி. சுவத்துல மாட்டி அழகு பாக்கட்டும்."

சரக்கு மில்லுக்கு வந்ததும் இரவு பகலாக அரைத்தார். முதல் லோடு சுருளிப்பட்டிக்குத்தான் என்று சொல்லியிருந்தார், சொன்னபடி அனுப்பினார். அதுதான் 22ஆம் தேதி, மதினி எனக்குப் போன் செய்த நாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் போனேன். வெள்ளைச் சாக்குகள் பந்தலுக்கு அடியில் அடுக்கியிருந்தன. மதினி வடக்குப் பக்கம் நின்றிருந்தார். அண்ணாந்து பார்த்தேன்.

பாதி போயிருந்தது. வடக்குப் பக்கம் முழுக்க. காய்கள் வெடித்து, விதை தெரிந்து, சாம்பல் அப்பிக் கிடந்தன. தெற்குப் பக்கம் பச்சையாக, கெட்டியாக, அங்கங்கே மட்டும் வெளுத்து. நடுவில் யாரோ கோடு கிழித்த மாதிரி. ஒரு வாரம் முன்னால் இந்தத் தூள் வந்திருந்தால்... அந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்று மதினி சொல்லிவிட்டார். நான் போடாமலா இருப்பேன்?

தூவலாமா என்று கேட்டேன். காற்றடிக்கிறது, இப்போது தூவினால் ரோட்டுக்குத்தான் போகும், விடியற்காலைதான் சரி என்றார். அவ்வளவு நாள் காத்திருந்தாயிற்று, ஒரு ராத்திரிதானே.

சாயங்காலம் நிலக்காரர் வந்தார். புரோக்கரும் கூட வந்தார், டேப்பைப் பையில் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் தோட்டத்தைச் சுற்றி வந்தார்கள். தூள் ஏன் தாமதம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். சாக்கு, கொத்து, அத்தியாயம்... சொல்லச் சொல்ல எனக்கே அது நம்ப முடியாத கதையாகத் தெரிந்தது. நிலக்காரர் பாதியிலேயே கையைக் காட்டினார்.

"பாதி நிக்குதுன்னு சொல்றியா, பாதி போச்சுன்னு சொல்றியா?" என்று மதினியைக் கேட்டார்.

"நிக்கிறதை வந்து பாருங்கண்ணே" என்றார் மதினி.

கூட்டிக்கொண்டு போய்த் தெற்குப் பக்கத்தைக் காட்டினார். அவர் ஒவ்வொரு பந்தியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வாய்க்கால் ஓரம் நின்று தீர்ப்பைச் சொன்னார். தெற்குப் பாதியை நீ தொடர்ந்து பாரு. வடக்குப் பாதி ரோட்டுப் பக்கம், அதில் கல்லுக்காலைப் பிடுங்கிடுறேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே புரோக்கர் வடக்கு மூலைக்கு நடந்துவிட்டார்.

மதினி அழவில்லை, வாதாடவும் இல்லை. பாதியாவது கையில் நிற்கிறதே என்ற நிம்மதியா, பாதி போய்விட்டதே என்ற வலியா, முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, காலையில் தூவ எத்தனை துணிமூட்டை கட்ட வேண்டும் என்று பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குத்தான் கணக்கு முடியவில்லை. இந்தப் பாதியை யார் எடுத்தார்கள்? பூஞ்சையா? அது அதன் வேலையைச் செய்தது. நிலக்காரரா? அவர் சொன்ன சொல்படி நடந்தார். முருகேசண்ணன் சாக்கில் ஒரு படம் போட்டார். அதிகாரி தன்னைக் காப்பாற்றிக்கொண்டார். எல்லாரும் நியாயமான ஆட்கள். வடக்குப் பாதி மட்டும் இல்லை.

மறுநாள், 23ஆம் தேதி. இருட்டோடு எழுந்தோம். மெல்லிய துணியில் தூளைக் கட்டி, குச்சியால் தட்டிக்கொண்டே பந்தலுக்கு அடியில் நடக்க வேண்டும், அதுதான் எங்கள் பக்கத்து முறை. ஆனால் அதற்கும் முன்னால், முதல் வேலையாக, மதினியிடம் கத்தரியை வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் போனேன். இருப்பதிலேயே மோசமாக வெளுத்த கொத்தாகப் பார்த்து வெட்டினேன். அதைக் காகிதத்தில் சுற்றி, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து ஒட்டி, மேலே அந்தத் துறைமுக அலுவலகத்தின் முகவரியை எழுதினேன். உள்ளே ஒரே ஒரு வரித் துண்டுச் சீட்டு: இது எந்த அத்தியாயம்?

தூவி முடித்து ஊருக்குத் திரும்பும் வழியில், கம்பத்தில் கூரியர் கடைக்காரர் பெட்டியை எடையில் வைத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"சாம்பிள்" என்றேன்.